பழைய டிராக்டருக்குக் கெட்டியான ஆயில்தான் நல்லதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறு டிராக்டர்களைப் பராமரிக்கும் முறை குறித்துத் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிளட்ச், பிரேக், பேட்டரி ஆகியவற்றைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பயனுள்ளவை. ஆனால் இன்ஜின் ஆயிலைப் பற்றிப் பேசும்போது, பழைய இன்ஜினுக்குக் கெட்டியான ஆயில் ஊற்றினால் போதும் என்றும், புதிய வகை ஆயில்கள் அதற்கு ஒத்துவராது என்றும் இரண்டே வரிகளில் கட்டுரையாளர் முடித்திருக்கிறார். இந்த இரண்டு கருத்துகளும் பட்டறைகளில் நெடுங்காலமாக வாய்வழியாகப் பரவி வருபவை. இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய இன்ஜின்களை இவை வீணாகத் தேய வைக்கின்றன என்ற கவலையால்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

முதலில் கெட்டியான ஆயிலை எடுத்துக்கொள்வோம். ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கின் மேல் நேரடியாக உரசுவதில்லை; இரண்டுக்கும் நடுவே உள்ள நுண்ணிய இடைவெளிக்குள் சுழற்சியின் வேகத்தாலேயே ஆயில் இழுத்துச் செல்லப்பட்டு ஒரு படலமாகிறது, அந்தப் படலம்தான் சுமையைத் தாங்குகிறது. அந்த இடைவெளி வறண்டுபோகாமல் பார்த்துக்கொள்வது ஆயில் பம்ப்பின் வேலை. தேவைக்கு மேல் கெட்டியான ஆயிலை ஊற்றினால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது அது இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பின் வலைவடிகட்டி வழியாக மெதுவாகத்தான் ஏறும். ஏறியதிலும் ஒரு பகுதி, அழுத்தம் அளவு மீறியதால் திறந்துகொள்ளும் ரிலீஃப் வால்வு வழியாக, பேரிங்கை எட்டாமலேயே சம்ப்புக்குத் திரும்பிவிடும். மேலே வால்வு உள்ள இன்ஜின்களில் வால்வுகளை அழுத்தும் கைகளைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டுக்கு அது போய்ச் சேர இன்னும் நேரமாகும். அந்த நேரம் முழுவதும் ஆயில் அழுத்த மீட்டரின் முள் உயரமாகவே நிற்பதால் ஓட்டுபவர் கவலைப்படாமல் இருப்பார். அந்த முள் காட்டுவது ஆயிலின் ஓட்டத்துக்கு எதிரான தடையைத்தானே தவிர, ஓடும் ஆயிலின் அளவை அல்ல.

தேய்ந்த இன்ஜினுக்கு ஒரு படி கெட்டியான ஆயில் கூடவே கூடாது என்பதல்ல என் வாதம். இன்ஜின் நன்றாகச் சூடேறியபின், குறைந்த வேகத்தில் ஓடும்போது, அழுத்தம் கையேட்டில் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்குமானால், கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்ணில் 30 எண் ஆயிலிலிருந்து 40-க்கு மாறுவது நியாயமானது. அதைப் பல கையேடுகளே வெப்பமான சூழலுக்கு அனுமதிக்கின்றன. அதற்கும் அப்பால் 50 எண்ணுக்குப் போவதும், ஆயிலைப் பசைபோல் ஆக்கும் சேர்மானங்களை ஊற்றுவதும் பேரிங்கின் தேய்மானத்தைக் கண்ணிலிருந்து மறைக்குமே ஒழியச் சரிசெய்யாது.

டப்பாவின் மேலுள்ள எண்களைத் தவறாகப் படிப்பதாலும் இந்தக் குழப்பம் வளர்கிறது. கையேட்டில் 30 என்று இருக்கிறது, கடையில் கிடைப்பதோ 15டபிள்யூ-40, 15 என்பது 30-ல் பாதிதானே, ஆகவே இது தண்ணீர்போல் இருக்கும் என்று எண்ணி அதை ஒதுக்குபவர்கள் பலர். டபிள்யூ சேர்ந்த முதல் எண், குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இலகுவாக இளகி ஓடும் என்பதைக் குறிக்கிறது. இரண்டாவது எண்தான் சூடான இன்ஜினில் அதன் கெட்டித்தன்மையைச் சொல்கிறது. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.யின் தரப்படி, 100 டிகிரி செல்சியஸில் 30 எண் ஆயிலின் பாகுத்தன்மை, அதாவது கெட்டித்தன்மையின் அளவு, 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் வரையிலும், 40 எண் ஆயிலினுடையது 12.5 முதல் 16.3 வரையிலும் இருக்க வேண்டும். எனவே 10டபிள்யூ-30 என்பது வேலைச் சூட்டில் பழைய 30 எண் ஆயிலேதான். 15டபிள்யூ-40 அதைவிடச் சற்றுக் கெட்டியானது. குளிரில் இரண்டுமே பழைய ஒற்றை எண் ஆயிலைவிட விரைவாகப் பேரிங்கைச் சென்றடையும்.

அடுத்தது ஆயிலின் தரப் பிரிவு. கட்டுரை இதைத் தொடவே இல்லை. 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.ஈ.20, 1947 முதல் 1952 வரை வந்த ஃபோர்டு 8என் போன்ற டிராக்டர்களின் காலத்தில், 1947-ல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த ரெகுலர், பிரீமியம், ஹெவி டியூட்டி என்ற மூன்று பிரிவுகளே இருந்தன. 1952-ல் அவை பெட்ரோல் இன்ஜினுக்கு எம்.எல்., எம்.எம்., எம்.எஸ். என்றும், டீசலுக்கு டி.ஜி., டி.எம்., டி.எஸ். என்றும் மாறின. இன்று நாம் காணும், பெட்ரோலுக்கு எஸ் என்றும் டீசலுக்கு சி என்றும் தொடங்கும் பிரிவுகள் 1970-களின் தொடக்கத்தில் வந்தவை. பழைய கையேட்டில் ஹெவி டியூட்டி என்றோ டி.எஸ். என்றோ இருப்பதைப் பார்த்துவிட்டு, அந்த ஆயில் இப்போது கிடைப்பதில்லையே என்று திகைத்து நிற்க வேண்டியதில்லை. அந்தப் பிரிவுகள் கேட்ட பாதுகாப்பை இன்றைய சி.எச்.-4, சி.ஐ.-4, சி.கே.-4 டீசல் ஆயில்கள் மிகத் தாராளமாகவே தருகின்றன. மாறாக, பழைய இன்ஜினுக்குப் பழைய வகை ஆயில் என்று தேடிப்போய் எஸ்.ஏ. என்று குறிக்கப்பட்ட, சேர்மானம் எதுவுமில்லாத ஆயிலை வாங்கி ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். 1930-க்குப் பிறகு தயாரான பெரும்பாலான பெட்ரோல் வாகன இன்ஜின்களுக்கே அது பொருந்தாது என்று அதை வகைப்படுத்திய கழகமே எச்சரிக்கிறது.

புதிய ஆயில் மீதான அச்சத்துக்கு அடிப்படையில் ஓர் உண்மையும் உண்டு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய ஆயில்களில் டிட்டர்ஜென்ட், அதாவது கசடு நீக்கும் சேர்மானம் இருக்கிறது. அது கரியையும் பிசுக்கையும் பிஸ்டன் ரிங்கிலும் சுவர்களிலும் படியவிடாமல் தன்னுள்ளேயே மிதக்க வைக்கிறது. ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுத்துத் தெரிவது அது தன் வேலையைச் செய்வதன் அடையாளம். பல ஆண்டுகள் சேர்மானமற்ற ஆயிலில் ஓடிய இன்ஜினின் சம்ப்பிலோ, தார்போன்ற கசடு கனமாகப் படிந்திருக்கும். அதில் திடீரென்று இந்த ஆயிலை ஊற்றி நாள் முழுவதும் உழவுக்கு விட்டால், இளகிப் பெயர்ந்த கசடு வலைவடிகட்டியை அடைத்து, பம்ப்புக்கு ஆயில் கிடைக்காமல் போகலாம். புதிய ஆயில் ஊற்றினேன், இன்ஜின் போய்விட்டது என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இதுவே இருக்கும். இதற்குத் தீர்வு, சம்ப்பைக் கழற்றிக் கசடைச் சுரண்டி எடுத்து, வலைவடிகட்டியைக் கழுவி, புதிய கேஸ்கட்டுடன் மாட்டியபின் நல்ல ஆயிலை ஊற்றுவது. ஒரு நாள் வேலைதான். அதற்கு வழியில்லை என்றால், முதல் சில மாற்றங்களை மிகக் குறுகிய இடைவெளியில் செய்து, மீட்டரின் முள்ளைக் கவனித்தபடி இலகுவான வேலையில் மட்டும் ஓட்ட வேண்டும். மண்ணெண்ணெயோ டீசலோ ஊற்றி இன்ஜினை ஓடவிட்டுக் கழுவும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். படிந்திருப்பதைக் கட்டிகளாகப் பெயர்ப்பதும், பேரிங்குகள் படலத்தை இழந்து உரசுவதும் அதில் ஒரே சமயத்தில் நடக்கின்றன.

ஆயில் முழுவதையும் வடிகட்டாமல் ஒரு பகுதியை மட்டுமே ஃபில்டருக்கு அனுப்பும் பழைய அமைப்புகளில், மிதக்கும் அழுக்கு பேரிங்குக்குள் போகாதா என்று மெக்கானிக்குகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி இது. டிட்டர்ஜென்ட் மிதக்க வைப்பது பெரும்பாலும் ஆயில் படலத்தின் தடிமனைவிடச் சிறிய கரித்துகள்களை. மணலும் உலோகத் துகளும் எந்த ஆயிலிலும் அடியில்தான் படியும். ஆனாலும் அத்தகைய இன்ஜின்களில் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறைவாக வைப்பதே முறை.

ஆகவே, நல்ல நிலையில் உள்ள இன்ஜினுக்குக் கையேடு கேட்கும் எண்ணிலும், ஓரளவு தேய்ந்த இன்ஜினுக்கு 15டபிள்யூ-40-லும், சி.ஐ.-4 அல்லது சி.கே.-4 ஆயிலைத் தேர்ந்தெடுக்கலாம் என்பது என் பரிந்துரை. பெட்ரோல் டிராக்டருக்கும் இதுவே பொருந்தும். வால்வுகளை இயக்கும் பழைய கேம் ஷாஃப்டுக்கும், அதன்மேல் உரசும் தட்டையான டேப்பட்டுக்கும் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மானம் தேவை. இன்றைய கார்களுக்கான மெல்லிய பெட்ரோல் ஆயில்களில் பாஸ்பரஸின் உச்சவரம்பு 0.08 சதவீதம், சி.கே.-4-ல் அது 0.12 சதவீதம். நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் ஓடும், மென்மையான வால்வு ஸ்பிரிங் கொண்ட டிராக்டர் இன்ஜினுக்கு இது போதும். தனியாகத் துத்தநாகப் புட்டி வாங்க வேண்டியதில்லை. சிந்தெடிக் ஆயில் கெடுதல் செய்யாது, ஆனால் அடிக்கடி மாற்றப்படும் இன்ஜினில் அதற்குச் செய்யும் செலவுக்குப் பலன் குறைவு. ஒன்றை மட்டும் உறுதியாகத் தவிர்க்க வேண்டும்: சி.கே.-4 அறிமுகமான அதே 2016 டிசம்பரில் வெளிவந்த எஃப்.ஏ.-4 என்ற டீசல் ஆயில் பிரிவு. எரிபொருள் சிக்கனத்துக்காக வேண்டுமென்றே மெல்லிய படலம் கொண்டதாக வடிவமைக்கப்பட்ட அது, பழைய இன்ஜின்களுக்கானது அல்ல.

ஆண்டில் சில நாட்களே ஓடும் டிராக்டருக்கும் ஆண்டுக்கு ஒருமுறையாவது ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். முழுச்சூடு ஏறாமல் நிறுத்தப்படும் இன்ஜினில் நீராவி குளிர்ந்து நீராகி, எரிந்த வாயுக்களோடு சேர்ந்து அமிலமாகிறது. ஓடிய சூட்டோடு வடிப்பது நல்லது. டிப் ஸ்டிக்கில் ஆயிலின் அளவு தானாகவே ஏறினால், எரிபொருளோ ரேடியேட்டர் நீரோ கலக்கிறது என்று பொருள். சிலிண்டரின் உள்ளுறையான லைனரை நீர் சூழ்ந்திருக்கும் இன்ஜின்களில் அந்த லைனரின் அடிச் சீல்களை முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆயில் தொட்டி கொண்ட ஏர் கிளீனரிலும் இதே ஆயிலையே ஊற்றலாம், ஆனால் கோட்டுக்கு மேல் ஒரு துளியும் போகக் கூடாது. மிகுதியான ஆயிலை இன்ஜின் உறிஞ்சிக்கொள்ளும். டீசல் இன்ஜின் அதையே எரிபொருளாக்கிக்கொண்டு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கிவிடலாம்.

அந்த இரண்டு வரிகளுக்கு ஒரு திருத்தத்தைத் தங்கள் நாளிதழ் வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால், எஃப்.ஏ.-4 ஆயிலைப் பற்றியும் மண்ணெண்ணெய் கொண்டு கழுவுவதைப் பற்றியும் உள்ள எச்சரிக்கைகளை மட்டுமாவது, அடுத்த உழவுப் பருவத்துக்கு டிராக்டர்களை ஆயத்தம் செய்யத் தொடங்கும் முன் வாசகர்கள் அறியும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் ஒன்றைப் பேணிவரும் வாசகர்