ஃபூட் பாறை பார்க்க வந்தவர்

ஆசிரியருக்கு,

1863-இல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கோடரி எடுத்த ராபர்ட் புரூஸ் ஃபூட்டை எல்லோரும் தொல்லியல் அறிஞர் என்றே எழுதுகிறார்கள். சரி, தப்பில்லை. ஆனால் அவருக்குச் சம்பளம் கொடுத்தது 1851-இல், முக்கியமாக நிலக்கரி தேடுவதற்காக, தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. பாறை பார்க்கப் போனவர் கண்ணில் சரளைக் குழியில் கிடந்த அந்தக் கல் பட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் அதே துறையில் வேலை பார்த்த ஹென்றி பிளான்ஃபோர்டை ஏன் யாரும் நினைப்பதே இல்லை? அரியலூர்ப் பக்கம் கடல் கிளிஞ்சல் பதிந்த பாறைகளை அடுக்கடுக்காகப் பிரித்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே வைத்தார். பரங்கிமலைக் கல்லுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை, கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போன கல் என்பதால் பின்னாளில் அது ‘சார்னோக்கைட்’ ஆகிவிட்டது!

இப்படிக்கு,
ஒரு வாசகர்