மூன்றாம் துளைத் தைவதம்

சிம்மக்கல்,
மதுரை.

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி வழக்கம்போல. மாசி பிறந்துவிட்டதால் பட்டறையில் கால் வைக்க இடமில்லை, எல்லாம் நாடகக்காரர்களின் ஆர்மோனியப் பெட்டிகள். புதுக்கோட்டையிலிருந்துகூட ஒன்று வந்திருக்கிறது. துருத்தியை எலி தின்றுவிட்டது.

நீ இரவு பதினொரு மணிக்குப் போன் செய்து மவுத் ஆர்கனைப் பற்றிக் கேட்டபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். 38 வயதில் ஒருவன் வாத்தியம் கற்கத் தொடங்குவதில் தவறே இல்லை. சிறு வயதில் பெட்டி முன்னால் உட்காரவைத்தால் எழுந்து ஓடியவன் நீ என்பதை இப்போது எதற்குச் சொல்ல வேண்டும்?

மவுத் ஆர்கன் துளைகளில் ஸ்வரங்களை வைக்கும் சாதாரண முறையான ரிக்டர் டியூனிங்கை விட்டுவிட்டு, அதைக் கொஞ்சம் மாற்றிய பேடி ரிக்டர் வாங்கலாமா என்று கேட்டாய். சின்னவளிடம் கைப்பேசியில் படம் காட்டச் சொல்லி, தாளில் ஸ்வரம் எழுதிப் பார்த்தேன். உன்னிடம் இருப்பது ஒரு கட்டைச் சுருதி, அதாவது C. முதல் துளையில் ஊதினால் ஸ, இழுத்தால் ரி. இரண்டாவதில் ஊதக் க, இழுக்கப் ப. மூன்றாவதில் ஊதினால் மறுபடியும் அதே ப, இழுத்தால் நி. நாலாவதில் ஊதினால் மேல் ஸ வந்துவிடுகிறது. மத்திமமும் (ம) தைவதமும் (த) எங்கே? கீழ் ஸ்தாயியில் அவை கிடையாது. ஊதினாலும் இழுத்தாலும் கார்டு, அதாவது பல ஸ்வரங்கள் இசைந்து ஒன்றாக ஒலிப்பது, கிடைக்க வேண்டும் என்பதற்காக அந்த இரண்டையும் தியாகம் செய்திருக்கிறார்கள். நாலாம் துளையிலிருந்து ஏழாம் துளைவரை மட்டும் ஏழு ஸ்வரமும் உள்ள சங்கராபரண ராகம் முழுதாக இருக்கிறது. அதிலும் ஏழில் வரிசை மாறும், இழுத்தால் நி, ஊதினால் ஸ. நீ அங்கே தடுக்கி விழுவது போனிலேயே கேட்டது.

விட்டுப்போன தைவதத்தை மூச்சை வளைத்து எடுக்கிறவர்கள் எடுக்கிறார்கள். மூன்றாம் துளையில் இழுத்து, நிஷாதத்தை ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கிச் சுருதியில் நிறுத்த வேண்டும். புதிதாகக் கற்பவனுக்கு அது சும்மா வந்துவிடாது. பேடி ரிக்டரில் அந்த மூன்றாம் துளையில் ஊதும்போது அதிரும் ரீடை, அதாவது உலோக நாக்கை மட்டும் ப-விலிருந்து த-வுக்கு உயர்த்தியிருக்கிறார்கள். ஐரிஷ் நடனப் பாட்டுகளை வேகமாக வாசிக்க வேண்டும் என்று பிரெண்டன் பவர் என்ற நியூசிலாந்துக்காரர் செய்த ஏற்பாடாம். போகும் பஞ்சமத்தால் நஷ்டமில்லை, அது இரண்டாம் துளையில் இழுத்தால் இருக்கவே இருக்கிறது. ஸ ரி க ப த, மோகன ராகம் கீழேயே முழுதாக வந்துவிடும். மத்திமத்தை மட்டும் இன்னமும் வளைத்துத்தான் எடுக்க வேண்டும். முதல் மூன்று துளைகளைச் சேர்த்து ஊதினால் முன்பிருந்த மேஜர் கார்டு இருக்காது, மைனர் ஆகிவிடும். மூன்றாம் துளையில் வளைக்க இனி அரை ஸ்வரத்துக்குத்தான் இடம். வளைப்பு நிறைய வேண்டிய ப்ளூஸ் இசையை நீ வாசிக்கப் போவதில்லையே, பாட்டுத்தானே வாசிக்கப் போகிறாய்? அப்படியானால் வாங்கு.

மெலடி மேக்கர் என்ற இன்னொரு டியூனிங் இப்போது வேண்டாம். அதில் இந்தத் தைவதத்தோடு ஐந்து, ஒன்பது துளைகளில் இழுக்கும் மத்திமங்களும் அரை ஸ்வரம் ஏறிப் பிரதி மத்திமமாகிவிடும். ஐந்து கட்டை, அதாவது G, என்று எழுதி விற்பார்கள், முதல் துளையில் ஊதினால் ஒரு கட்டை ஸ வரும். அங்கிருந்து ஏறினால் கல்யாணி, பஞ்சமத்திலிருந்து ஏறினால் சங்கராபரணம். எனக்குச் சிரிப்பு வந்தது, உனக்குத் தலை சுற்றும். ஒரே மவுத் ஆர்கனை வைத்துக்கொள். அதில் கை படிந்த பிறகு அடுத்ததைப் பார்க்கலாம்.

இரவில் இரண்டு மணி நேரம் ஊதுவதாகச் சொன்னாய். அடுக்குமாடி வீட்டில் அந்த நேரத்தில் ஊதினால் பாப்பா எப்படித் தூங்குகிறாள்? மருமகள் ஒன்றும் சொல்வதில்லையா? பொங்கலுக்குப் பாப்பாவுக்குப் பள்ளி என்றாய். பெங்களூரில் சங்கராந்திக்கு விடுமுறை விடாத பள்ளியும் இருக்கும் போலிருக்கிறது. அம்மா பாப்பாவிடம் பேச வேண்டும் என்று கேட்கும்போதெல்லாம் அவள் குளிக்கிறாள், அல்லது டியூஷனில் இருக்கிறாள். கம்பம் மாமா போன வாரம் வந்து என்னென்னவோ கேட்டார். எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அது உண்மையும்கூட. சின்ன அத்தை வீட்டில் எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்குத் தகவல் வந்தது, உனக்கே நினைவிருக்கும். நான் ஒன்றும் கேட்கவில்லை. இரவில் ஊதாதே என்றுதான் சொல்கிறேன்.

புதிதாக வாங்கக்கூட வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. உன்னிடம் இருப்பதையே நான் மாற்றித் தருகிறேன். ஆர்மோனிய ரீடுக்கு என்ன விதியோ அதேதான் இதற்கும். நுனியில் சுரண்டினால் சுருதி ஏறும், அடியில் சுரண்டினால் இறங்கும். இந்தக் கை எத்தனை நாடகப் பெட்டிகளுக்குச் சுருதி சேர்த்தது என்று ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். ஆனால் ஊதும் ரீடுகள் உள்பக்கமாக இருக்கின்றன, தகட்டைக் கழற்றாமல் வேலை நடக்காது. திருகாணி போட்டதா, மரைன் பேண்ட் என்ற பழைய மாடல் மாதிரி ஆணி அடித்ததா என்று பார்த்து எழுது. பிளேடு வைத்து நீயே சுரண்டிப் பார்க்காதே. பித்தளை, ஒருமுறை அதிகமாகப் போனால் போனதுதான். ஒரு முழு ஸ்வரம் ஏற்ற வேண்டும் என்றால் கொஞ்சம் சுரண்டி, சூடு ஆறவிட்டு, ஊதிப் பார்த்து, மறுபடியும் கொஞ்சம் என்று பொறுமையாகச் செய்ய வேண்டும்.

கூரியரில் அனுப்பாதே. கையோடு கொண்டு வா. அழகர் ஆற்றில் இறங்கும் அன்று வந்தால் ஊருக்குள் நுழைய முடியாது, திருக்கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடு. உனக்கு லீவு கிடைக்காவிட்டால் அவர்களையாவது முதலில் அனுப்பு. டிக்கெட்டை நான் இங்கேயே எடுத்துவிடுகிறேன். பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டதால் பெர்த் வேண்டுமென்றால் முழு டிக்கெட் எடுக்க வேண்டுமாம். எத்தனை பேருக்கு எடுக்க வேண்டும் என்று மட்டும் எழுது.

இப்படிக்கு,
அப்பா