பின் மூடியை மட்டும் திறக்காதே

அன்பு மகளுக்கு,

நீ வாங்கிய பழைய டிவியைப் பிடித்து அனுப்பிய நான்கு போட்டோக்களையும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மரப்பெட்டி, இரண்டு பக்கமும் இழுத்து மூடுகிற ஷட்டர், வலது ஓரத்தில் இரண்டு குமிழ். நல்ல செட்டாகத்தான் பிடித்திருக்கிறாய். ஆனால் ‘உள்ளே இருக்கிறதை எல்லாம் உருவி எறிந்துவிட்டு மீன்தொட்டி வைக்கப்போகிறேன்’ என்று எழுதியிருக்கிறாயே, அங்கேதான் எனக்குத் திக்கென்றது. டிவி மெக்கானிக் வீட்டில் வளர்ந்த பிள்ளை எழுதுகிற வரியா இது?

முதலில் பின் மூடி. அதைத் திறக்காதே. பிக்சர் டியூபின், அதாவது படம் தெரிகிற அந்தப் பெரிய கண்ணாடிக் குழாயின், முதுகில் ரப்பர் தொப்பி போட்ட தடித்த ஒயர் ஒன்று போகும், சின்ன வயதில் தொடாதே என்று நான் கத்துவேனே, அதேதான். பெரிய கறுப்பு வெள்ளை செட்டிலேயே அதில் 10,000 வோல்ட்டுக்கு மேல் ஓடும்; கலர் என்றால் 20,000-ஐத் தாண்டும். செட்டை நிறுத்திய பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வருடக்கணக்காகக் கிடந்த செட்தானே, எல்லாம் வடிந்திருக்கும் என்பாய். உனக்கு விற்றவர் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று முந்தின நாள் பிளக் போட்டுப் பார்த்திருந்தால்?

தொழிலுக்கு வந்த புதிதில், இரண்டு நாள் சும்மா கிடந்த ஒரு செட்டில் அலட்சியமாகக் கை வைத்தேன். ஷாக் ஒரு நொடிதான். கையை உதறிய வேகத்தில் முழங்கை பெட்டி விளிம்பில் இடித்ததுதான் ஒரு வாரம் வலித்தது. அந்த முழங்கை டியூபின் கழுத்தில் பட்டிருந்தால் நினைத்துப் பார். டியூபுக்குள் காற்றே கிடையாது. வெளிக்காற்று சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வீதம் அழுத்திக்கொண்டே இருக்கும். 20 அங்குலத் திரையின் முகத்தில் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். உடைந்தால் கண்ணாடி முதலில் உள்ளே பாயும், அப்புறம் நாலாபக்கமும் சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் உண்டு. கலர் டியூபின் பின்பக்கப் புனலில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஈயம்தான். அதனால் குப்பைத்தொட்டியில் போடுகிற சமாச்சாரம் இல்லை. மின்கழிவு வாங்குகிற இடத்துக்கு முழுசாகப் போக வேண்டும்.

டியூபை டிஸ்சார்ஜ் செய்வது, அதாவது தேங்கிய மின்சாரத்தை வடிப்பது, என் வேலை. எர்த் ஒயரோடு கட்டிய ஸ்க்ரூ டிரைவரை அந்தத் தொப்பிக்கு அடியில் விட்டால் ‘டப்’ என்று பொறி பறக்கும். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் விட வேண்டும், ஏனென்றால் கொஞ்சம் மின்சாரம் திரும்பி ஊறியிருக்கும். இதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு நீயே செய்கிறேன் என்று கிளம்பாதே.

உருவுவதற்கு முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். செட் உயிரோடு இருக்கிறதா? நேராகப் பிளக்கில் சொருகிவிடாதே, உள்ளே கெப்பாசிட்டர்கள் காய்ந்து கிடக்கும். நான் வந்து சீரிஸ் பல்பு போட்டு, அதாவது செட்டுக்குப் போகிற மின்சாரத்தை ஒரு பல்பு வழியாக விட்டு, பார்க்கிறேன். பல்பு மங்கலாக நின்றால் நம்பிக்கை உண்டு, பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். உயிர் இருந்தால் அதை வெறும் கூடாக்கச் சம்மதிக்க மாட்டேன், சொல்லிவிட்டேன். பழைய ஆன்டெனா ஒளிபரப்பு நின்றுபோனால் என்ன, ஆன்டெனா வாயில் ஒரு மாடுலேட்டர், அதாவது வீடியோவைச் சேனல் சிக்னலாக மாற்றித் தருகிற பெட்டி, மாட்டினால் படம் வரும். பழைய வீடியோ கேமில் திரையைப் பார்த்துச் சுடுகிற துப்பாக்கி இருக்குமே, அது இந்த டியூபில் மட்டும்தான் வேலை செய்யும். புதுத் திரையில் எவ்வளவு சுட்டாலும் படாது.

செத்த செட் என்றால் சரி, தாராளமாக மாற்றலாம். ஆனால் மீன்தொட்டி வேண்டாம். 40 லிட்டர் தண்ணீர் என்றால் 40 கிலோ, அதற்கு மேல் கண்ணாடியும் கல்லும். டியூபைத் தாங்குகிற மாதிரி செய்த பெட்டி அது; எடை முன்பக்கச் சட்டத்தில் இருந்தது, அடிப்பலகையில் இல்லை. ஈரம் பட்டால் மேலே ஒட்டிய மெல்லிய மரத்தோல் ஓரத்திலிருந்து பூரித்து எழும்பிவிடும். தீனி போட மேற்பலகையை வேறு அறுக்க வேண்டும். மீனுக்கும் சுகமில்லை, மரத்துக்கும் சுகமில்லை.

விளக்காக்கு. கொரியாவில் பிறந்த நாம் ஜுன் பைக் என்ற கலைஞர் 1975-இல் வெறும் டிவிக் கூட்டுக்குள் ஒரே ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்தார். அவ்வளவுதான் மொத்தமும். நீ மெழுகுவர்த்தி வைக்காதே, மரப்பெட்டி. 12 வோல்ட் எல்.இ.டி. பட்டை போதும். முன்னால் பால்நிற அக்ரிலிக் தகடு வைத்து, மூலைகளை வளைவாக வெட்டு. அந்த வளைவு இல்லாவிட்டால் அது டிவி மாதிரியே இருக்காது, ஜன்னல் மாதிரி இருக்கும். உள்ளே படம் ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டால் இப்போதைய அகலத் திரை வாங்காதே, மேலும் கீழும் வெற்றிடம் விழும். பழைய 19 அங்குலக் கம்ப்யூட்டர் மானிட்டரில் 1280-க்கு 1024 என்று எழுதியிருப்பதைத் தேடு, ஏறக்குறையப் பொருந்திவிடும்.

பூனைக்குப் படுக்கையாக்கலாம் என்று உன் அம்மா சொல்கிறாள். அதுவும் மோசமில்லை. ஷட்டரை மட்டும் திறந்த நிலையில் கட்டிப் போட்டுவிடு, வால் மாட்டிக்கொள்ளும்.

பெட்டியைத் தேய்த்து பெயிண்ட் அடிக்காதே. உன் மூன்றாவது போட்டோவில் மேற்பலகையில் வட்டமாக ஒரு வெளுப்பு தெரிகிறது. யாரோ வருடக்கணக்காக அங்கே எதையோ வைத்திருந்திருக்கிறார்கள். அது இருக்கட்டும்.

அப்புறம் அந்த இரண்டு குமிழ். மேலே இருப்பது சேனல், திருகினால் கட்கட்டென்று ஒவ்வொரு இடமாக நிற்கும். கீழே இருப்பது சத்தம். அதன் தொடக்கத்திலேயே ஆன் ஆஃப் சுவிட்சும் இருக்கும். பசை போட்டு ஒட்டிவிடாதே, பிடுங்கவும் செய்யாதே. எல்.இ.டி. ஒயர் இரண்டையும் அந்தச் சுவிட்சில் பற்றவைத்துத் தருகிறேன். கீழ்க்குமிழைத் திருகியதும் ‘டிக்’ என்ற பிறகுதான் உன் விளக்கு எரிய வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன், சால்டரிங் அயர்ன் என் பையில் இருக்கும். அதுவரை செட்டைச் சுவரைப் பார்த்தபடி திருப்பி வை.

அன்புடன்,
அப்பா