ஆண்டறிக்கை: தலையாட்டும் மாடும் எலி தின்ற வாலும்

மன்றத்துப் பெரியவர்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம். கண் சிகிச்சை முகாம், தண்ணீர்ப்பந்தல், ஆடிக்கூழ் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவு போர்டில் ஒட்டியிருக்கிறது, அதை வாசித்து உங்களைத் தூங்க வைக்கப் போவதில்லை. இந்த வருஷம் காசிமேட்டில் நம்மைப் பற்றிப் பேச்சு அடிபட்டது என்றால் அது பொம்மைகளால்தான்.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை வைத்து, பல நாட்டுக் கதை மிருகங்களைக் காகிதத்தில் செய்யலாம் என்றதும், "ஐயனார் குதிரை இருக்க ஜப்பான் மாடு எதுக்குப்பா?" என்றார் பொருளாளர் அண்ணன். நியாயம்தான். அதனால் யாளியில் தொடங்கினோம். சிங்க உடம்பும் யானைத் தும்பிக்கையுமாகக் கோயில் தூணில் முறைத்துக்கொண்டு நிற்கும் அதற்கு நம் பிள்ளைகள் பொக்கைவாய் வைத்துவிட்டார்கள். அடுத்தது மெக்சிகோ அலெப்ரிஹே. 1936-இல் பெட்ரோ லினாரெஸ் என்ற காகிதப் பொம்மைக் கலைஞர் காய்ச்சலில் கிடந்தபோது கனவில் வந்தவையாம் அந்த விசித்திர மிருகங்கள். இதைச் சொன்னதுதான் தாமதம், ஒரு பூனைக்கு வஞ்சிரம் வால் முளைத்துவிட்டது.

ஆனால் ஹீரோ ஜப்பான் மாடுதான். ஃபுகுஷிமாவில் ஐசு பக்கத்துச் சிவப்பு மாடு, பெயர் அகாபெகோ. மூங்கில் பத்தையில் கூடு கட்டி, கிழிந்த மீன்வலையைச் சுற்றி, அதன்மேல் பழைய பேப்பரை மைதாப் பசையில் ஒட்டினோம். கடல்காற்றில் ஒரு அடுக்கு காய்வதற்குள் பொறுமை போய்விடும். தலை மட்டும் உடம்போடு ஒட்டாமல் தொங்க வேண்டும், அப்போதுதான் ஆடும். கழுத்தை நடுவில் தங்கூசில் (தூண்டில் நைலான் நரம்பில்) கட்டி, உள்பக்க முனையில் வலைக்குப் போடும் ஈயக்குண்டைக் கோத்தது விசைப்படகுக்குப் போகும் ஒரு அண்ணன். தலை குனிந்தே கிடந்தது, இன்னொரு குண்டு போட்டதும் சும்மா ஜம்மென்று ஆடியது.

அதன் கரும்புள்ளிகள் அம்மைத் தழும்பு என்றும், அந்தப் பொம்மை இருந்தால் பிள்ளைகளுக்கு அம்மை அண்டாது என்றும் அந்த ஊரில் நம்பிக்கை. இதைக் கேட்ட எதிர்வீட்டு ஆயா, மறுநாள் காலையில் மாட்டின் கழுத்தில் வேப்பிலை கட்டி மஞ்சள் தெளித்துவிட்டுப் போய்விட்டார். பெயிண்ட் காயவில்லை. அந்த மஞ்சள் திட்டு இன்னும் இருக்கிறது, நாங்களும் அழிக்கவில்லை.

குறையும் உண்டு. பசையில் மயில்துத்தம் கலக்க மறந்தது என் தப்பு. மழைக்காலத்தில் எலி வந்து யாளியின் வாலை முழுசாகத் தின்றுவிட்டது. புது வால் பொங்கலுக்குள் வைக்க வேண்டும், பழைய பேப்பர் இருப்பவர்கள் எடைக்குப் போடுவதற்கு முன்னால் மன்றத்தில் கொடுங்கள். சந்தா பாக்கிக்காரர்களும் அப்படியே கையோடு வந்துவிட்டால் சௌகரியம்.

இப்படிக்கு,
செயலாளர்