எட்டி ஃபட்ச் நினைவுக் கூட்டத்துக்குத் துணைநின்றவர்களுக்கு நன்றி

குத்துச்சண்டைப் பயிற்சியாளர் எட்டி ஃபட்ச் பற்றி எங்கள் பயிற்சிக் கூடத்தில் கடந்த ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டம் நல்லபடியாக நிறைவேறியது. மேடையில் பேசியவன் நான், உழைத்தவர்கள் பலர். எல்லோரையும் நேரில் பார்த்துச் சொல்ல இயலாததால் இந்த மடல்.

முதல் நன்றி, பழைய ஆட்டங்களின் பதிவுகளைத் தேடித் தந்த ஓய்வுபெற்ற நடுவர் ஐயாவுக்கு. 1973 மார்ச்சில் சான் டியேகோவில் கென் நார்ட்டன் முகமது அலியைத் தோற்கடித்த ஆட்டத்தை அவர் நிறுத்தி நிறுத்திக் காட்டி விளக்கினார். அலி இடக்கையால் ஜாப் (கையை நேராக நீட்டி விடும் விரைவான குத்து) விடும்போது, எதிராளியின் ஜாப்பைத் தடுக்க வேண்டிய இடத்தில் அவருடைய வலக்கை இருப்பதில்லை. நார்ட்டனின் பயிற்சியாளரான ஃபட்ச் அதைக் கண்டுகொண்டார். பின்வாங்காமல், அலியின் ஜாப் புறப்படும்போதே முன்னே வந்து தானும் ஜாப் விடும்படி நார்ட்டனைப் பழக்கினார். அலியின் தாடை உடைந்த ஆட்டம் அது. இதைக் கையுறை மாட்டிச் செய்துகாட்டிய எங்கள் மாணவர்கள் இருவருக்கும் நன்றி. என் பேச்சில் புரியாதது அவர்கள் கால்வைப்பில் புரிந்தது.

அலியை வென்றவர்கள் மொத்தம் ஐந்து பேர். அவர்களில் ஃப்ரேசியர், நார்ட்டன், ஹோம்ஸ், பெர்பிக் ஆகிய நால்வரும் ஃபட்சிடம் பயின்றவர்கள். இத்தனைக்கும் அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடியதில்லை. 1911இல் மிசிசிப்பியில் பிறந்து டெட்ராய்ட்டில் வளர்ந்தவர். லைட்வெயிட் என்னும் குறைந்த எடைப் பிரிவில் இருந்துகொண்டே, ஹெவிவெயிட் என்னும் மிக அதிக எடைப் பிரிவின் புகழ்பெற்ற வீரர் ஜோ லூயிஸுடன் பயிற்சி ஆட்டம் ஆடியவர். இதயத்தில் கண்டறியப்பட்ட கோளாறு அவரைத் தடுத்துவிட்டது. அதை எளிய சொற்களில் சிறுவர்களுக்கு எடுத்துச்சொன்ன மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. என் உரையைத் திருத்தித் தந்த தமிழாசிரியைக்கும் நன்றி. ஃபட்ச் கவிதைகளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர் என்று அறிந்ததும் அவருக்கு வந்த உற்சாகமே தனி.

அலியும் ஃப்ரேசியரும் பிலிப்பைன்ஸின் மணிலாவில் மோதிய ஆட்டத்தைப் பற்றிச் சற்று அதிகமாகவே பேசினேன். பொறுமையோடு கேட்டவர்கள் அனைவருக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 1975 அக்டோபர் 1. பதினான்கு சுற்றுகள் முடிந்து, ஒரே ஒரு சுற்று மிச்சம். ஃப்ரேசியரின் வலக்கண் வீங்கி மூடிவிட்டது. இடக்கண்ணில் ஏற்கெனவே பார்வை குறைவு. வரும் குத்து எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆடியே தீருவேன் என்று அவர் எழ முயன்றார். ஃப்ரேசியரின் பயிற்சியாளராக அங்கே இருந்த ஃபட்ச், வளையத்தில் அடிபட்டு இறந்தவர்களைத் தம் கண்ணால் பார்த்தவர். தோளில் கைவைத்து உட்காரச் செய்து, இன்று நீ இங்கே செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்று சொல்லி ஆட்டத்தை முடித்துவிட்டார். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருக்கலாமே என்று இன்றும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் ஃபட்ச் பக்கம். ஃப்ரேசியர் அதன்பின் 36 ஆண்டுகள் வாழ்ந்தார். ஃபட்ச் தேடித்தந்த பட்டங்கள் எல்லாவற்றையும்விட அந்த ஒரு முடிவையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்து, "என் பையன் நிறுத்த வேண்டாம் என்று அடம்பிடித்தாலும் ஆட்டத்தை நிறுத்துவீர்களா, சார்?" என்று எங்கள் பயிற்சியாளரைக் கேட்டார். அவர் உடனே எழுந்து நின்று, "நிறுத்துவேன் அம்மா. அவன் என்னிடம் பேசாமல் போனாலும் நிறுத்துவேன்" என்றார். கேட்ட அந்த அம்மாவுக்கும், அத்தனை பேர் முன்னிலையில் வாக்குக் கொடுத்த எங்கள் பயிற்சியாளருக்கும் என் தனிப்பட்ட நன்றி. நான் பேசியதன் பயன் அந்த இடத்திலேயே கிடைத்துவிட்டது.

ஃபட்ச் 2001இல் தம் 90ஆம் வயதில் லாஸ் வேகாஸில் காலமானார். அவரிடம் ஆட்டக்காரராகவும் பின்னர் உதவியாளராகவும் இருந்த ஃப்ரெடி ரோச்தான் பிலிப்பைன்ஸின் குத்துச்சண்டைச் சாம்பியன் மேனி பாக்கியாவோவை உருவாக்கியவர் என்பதை நேரம் போதாமல் ஒரே வரியில் சொல்லி முடித்தேன். அதை விரிவாகப் பேச இன்னொரு மாலை ஒதுக்கித் தருவதாகக் கூடத்தின் நிர்வாகிகள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களுக்கும், நாற்காலிகளைக் கட்டணமின்றி அனுப்பிவைத்த பந்தல்காரருக்கும், கடைசி ஆள் போகும்வரை தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த பெற்றோர்களுக்கும் மனமார்ந்த நன்றி. சுவரில் ஒட்டிய படங்கள் அலுவலக அறையில் இருக்கின்றன. விரும்பும் மாணவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அன்புடனும் நன்றியுடனும்,
கூட்டத்தை ஒருங்கிணைத்தவன்