எங்கள் கைகளை விடாதவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

உங்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. முகவரி கொடுத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதி அஞ்சலில் சேர்த்துவிட்டேன். ஆனால் அந்தக் கடிதங்களில் நான் சொல்ல நினைத்ததில் பாதிதான் வந்தது. மீதியை என் மொழியில் எழுதினால்தான் எனக்கு மனம் ஆறும். நீங்கள் எங்களுக்கு என்ன செய்தீர்கள் என்பதை என் ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

என் கணவர் மதுரையில் ஒரு நூற்பாலையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவர். நூல் நூற்கும் 'ரிங் ஃபிரேம்' இயந்திரங்களின் இரைச்சலில் அன்றெல்லாம் காதில் கழிவுப் பஞ்சைத் திணித்துக்கொண்டுதான் நிற்பார்கள். ஓய்வுபெறும்போது காது பாதி போயிருந்தது. காதுக்கருவி வைத்த பிறகு இரண்டு பேர் பேசினால் கேட்கிறது. பத்துப் பேர் கூடினால் எல்லாம் ஒரே இரைச்சலாகக் கலந்துவிடுகிறது. கல்யாண வீடுகளுக்குப் போனால் சுவரோரமாக ஒரு நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொள்வார். மகளோடு இருப்பதற்காக நாங்கள் டெக்சஸில் உள்ள பிளானோவுக்கு வந்த பிறகு, அந்த நாற்காலியை விட்டு அவர் எழுந்ததே இல்லை என்று சொல்லலாம்.

முதல் நன்றி எங்கள் மகளின் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் முதிய தம்பதிக்கு. "எங்கள் சதுர நடன வகுப்பில் இரண்டு பேர் குறைகிறார்கள். நீங்கள் வந்தால்தான் எட்டு ஆகும்" என்று வந்து அழைத்தீர்கள். உபகாரம் செய்வதுபோல் அழைத்திருந்தால் அவர் வந்திருக்க மாட்டார். ஆள் தேவை என்றீர்கள், கிளம்பிவிட்டார்.

இந்த ஆட்டத்தை அறியாத தமிழ் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். நான்கு ஜோடிகள், எட்டுப் பேர், ஒரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் உள்நோக்கி நிற்பார்கள். மேடையில் அழைப்பாளர் ஒருவர் ஒலிவாங்கியோடு நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று இசையோடு சொல்லிக்கொண்டே இருப்பார். நம் கோலாட்டத்தில் அடவு முன்கூட்டியே தெரியும். கும்மியில் பாட்டு தெரியும். இங்கே அடுத்த நொடி என்ன வரும் என்பது அழைப்பாளருக்கு மட்டும்தான் தெரியும். 'அலமாண்ட் லெஃப்ட்' என்றால், நம் ஜோடி ஒரு பக்கம் நிற்க, நமக்கு மறுபக்கத்தில் அடுத்து நிற்பவரின் இடக்கையை நம் இடக்கையால் பிடித்துச் சுற்றி வர வேண்டும். அப்படி நிற்பவரை 'கார்னர்' என்கிறார்கள். 'டோ சி டோ' என்றால், எதிரே இருப்பவரை முதுகோடு முதுகாகக் கடந்து சுற்றி இடத்துக்குத் திரும்ப வேண்டும். இப்படி ஏறத்தாழ 70 அழைப்புகளைக் கற்றால் 'மெயின்ஸ்ட்ரீம்' என்ற படி முடிகிறது. ஜப்பானில் ஆடினாலும் ஜெர்மனியில் ஆடினாலும் அழைப்புகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். எட்டில் ஒருவர் தடுமாறினால் மற்ற ஏழு பேரும் நின்றுவிட வேண்டியதுதான்.

காது கேளாத ஒருவர் இதை எப்படி ஆடுவார் என்று என் மகள் கேட்டாள். எட்டு மாதம் அவர் ஆடினார். சிறிய மண்டபம், பன்னிரண்டு, பதினாறு பேர், பழகிய குரல். அழைப்பாளரின் உதட்டையும் எதிர் ஜோடியின் தோளையும் பார்த்தே பாதியைப் பிடித்துவிடுவார். ஆயிரம் கதிர்களில் எது நூல் அறுந்து நிற்கிறது என்று கண்ணாலேயே கண்டுபிடித்த மனிதர் அவர்.

பிறகுதான் கொலராடோ ஸ்பிரிங்ஸ் அருகே முகாமிட்டு மூன்று நாள் ஆடும் கூடலுக்கு ஆசைப்பட்டோம். எனக்கு அந்த ஊர் மேல் தனி ஈர்ப்பு இருந்தது. நான் பள்ளி ஆசிரியை. அந்த ஊரின் செயன் மவுண்டன் பள்ளியின் தலைவராக இருந்த லாயிட் ஷா, மறைந்துகொண்டிருந்த பழைய ஆட்டங்களைத் தேடித் திரட்டி 1939இல் நூலாக வெளியிட்டவர். தம் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஆடிக் காட்டியவர். ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நாட்டின் ஆட்டத்துக்கு உயிர் கொடுத்திருக்கிறார் என்றால், அந்த மண்ணை ஒருமுறையாவது மிதிக்க வேண்டாமா?

படுக்கை, சமையலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் 'மோட்டார் ஹோம்' வண்டி ஒன்றை, 25 அடி நீளமுள்ளதை, வாடகைக்கு எடுத்தோம். அந்த அளவு வண்டிக்கு டெக்சஸில் சாதாரண ஓட்டுநர் உரிமமே போதும். ஓட்டியது நான். போகும் தூரம் ஏறத்தாழ 1,150 கிலோமீட்டர். கறிவேப்பிலைச் செடியைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பார்த்துக்கொண்ட எதிர்வீட்டுத் தம்பிக்கும், வழிக்குப் புளியோதரை கட்டிக்கொடுத்த அவன் மனைவிக்கும் என் அன்பு. செடி இப்போது முன்னைவிடத் தழைத்திருக்கிறது.

டால்ஹார்ட்டைத் தாண்டி டெக்ஸ்லைனுக்குப் போகும் வழியில், நல்ல வெயிலில், பின்பக்கத்து இரட்டைச் சக்கரங்களில் உள்பக்க டயர் வெடித்தது. இருபுறமும் புல்வெளி. கண்ணுக்கு எட்டியவரை ஒரு மரம் இல்லை. மாற்று டயரும் வண்டியில் இல்லை. வாடகைக்குக் கொடுத்தவர்களைத் தொலைபேசியில் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

அப்போது வெள்ளைப் பிக்கப் வண்டியில் வந்து நின்ற ஐயா, உங்களுக்குத்தான் நான் ஆங்கிலக் கடிதம் அனுப்ப முடியவில்லை. பெயர் கேட்டேன், கையை அசைத்துவிட்டீர்கள். மாட்டுப்பண்ணைக்கு மருந்து வாங்கிக்கொண்டு போகிறேன், அவசரமில்லை என்றீர்கள். எங்கள் வண்டிக்குப் பின்னால் கூம்புகளை வரிசையாக வைத்தீர்கள். வேகமாக வரும் லாரிகளுக்கு எங்கள் வண்டி தெரியும்படி உங்கள் வண்டியை விளக்கெரிய நிறுத்தினீர்கள். டயர்க்காரர் வரும்வரை இரண்டரை மணி நேரம் அந்த வெயிலில் எங்களோடு நின்றீர்கள்.

அந்த நேரத்தில் நீங்கள் சொல்லிக்கொடுத்ததை நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டயரின் பக்கவாட்டில் 'DOT' என்ற ஆங்கில எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு எண்களில், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. குனிந்து பார்த்தோம். அந்த டயருக்கு ஒன்பது வயது. தேயவே இல்லை, பார்ப்பதற்குப் புதிதுபோல் இருந்தது. "இந்த வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம். ரப்பர் ஓடாமலே கிழடாகிவிடும்" என்றீர்கள். கிளம்பும்போது, "ரட்டோன் கணவாயில் எந்தக் கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் அது சூடேறிக் கைவிட்டுவிடும்" என்று என் முகத்தைப் பார்த்து இரண்டு முறை சொன்னீர்கள். 7,834 அடி உயரத்திலிருந்து டிரினிடாட் ஊருக்கு இறங்கியபோது உங்கள் குரல்தான் என் காதில் இருந்தது. நான் பிரேக்கைத் தொட்டது மூன்றே முறை.

முகாமுக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் 50 ஆம்பியர் மின் இணைப்பு மட்டும் இருந்தது. எங்கள் வண்டியின் கம்பியோ 30 ஆம்பியர். பக்கத்து வண்டியிலிருந்து கைவிளக்கோடு வந்தவர், கேட்பதற்கு முன்பே மாற்று இணைப்பான் ஒன்றைச் செருகி விளக்கெரிய வைத்தார். சக்கரத்தடியில் கட்டை கொடுத்து வண்டியை மட்டமாக்கியதும் அவரே. வண்டி சாய்ந்து நின்றால் வாயுவில் ஓடும் குளிர்பெட்டி சரியாக வேலை செய்யாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாள் காலையில் அவருடைய மனைவி, எண்பது வயது இருக்கும், கழிவுநீர்த் தொட்டியைத் திறக்கும் முறையைச் சொல்லித்தந்தார்: கழிப்பறைத் தொட்டி முதலில், குளியல், சமையல் நீர்த் தொட்டி பிறகு, அந்த நீரே குழாயைக் கழுவிக்கொண்டு போய்விடும். முகம் சுளிக்கும் வேலை என்று நாம் நினைப்பதை, கையுறை போட்டுக்கொண்டு ஒரு பாட்டி அந்நியருக்குச் சொல்லித்தருகிறார். அம்மா, உங்களை வணங்குகிறேன்.

அதே அம்மாதான் என் பாவாடையையும் தைத்தார். அங்கே பெண்கள் அகல விரியும் பாவாடை கட்டித்தான் பெரும்பாலும் ஆடுகிறார்கள். என்னிடம் அது இல்லை. போர்த்திக்கொள்ள எடுத்துப்போயிருந்த பழைய மதுரைச் சுங்குடிச் சேலை ஒன்றை என் தோளில் பார்த்தார். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்ப்பதைச் சொன்னபோது, ஒவ்வொரு புள்ளியாகத் தடவிப் பார்த்தார். "இதை வெட்ட எனக்கு அனுமதி உண்டா?" என்று கேட்டார். அவர்கள் மோட்டார் ஹோமின் சாப்பாட்டு மேசை மேல் ஒரு தையல் இயந்திரம் இருந்தது. மாலைக்குள் பாவாடை வந்துவிட்டது. கரை இடுப்பில் மறைந்துவிடாமல் கீழ்விளிம்பில் முழுவட்டமாக வரும்படி வைத்துத் தைத்திருந்தார். பதிலுக்கு நான் கொடுத்தது எலுமிச்சைச் சோறு மட்டும்தான். ஆறாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் அங்கே சோறு வேக நேரமாகும். பிரஷர் குக்கர் கொண்டுபோயிருந்தது நல்லதாயிற்று.

இனி முதல் இரவு. அதைச் சொல்லத்தான் இந்த மடலே.

மண்டபத்தில் இருபது சதுரங்களுக்கு மேல் இருந்தன. மரத்தரையில் நூற்றுக்கணக்கான காலணிகள் ஒன்றாக உரசும் ஓசை எனக்கே காதை அடைத்தது. என் கணவர் வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தார். நாற்காலி இருந்தது. போய் உட்கார்ந்துவிட்டார். நானும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இவ்வளவு தூரம் வந்ததே தவறோ என்று தோன்றிற்று.

இரண்டு சுற்று முடிந்து இடைவேளை வந்தபோது, அழைப்பாளர் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்தார். ஐயா, அத்தனை பேருக்கு நடுவில் ஓரத்தில் இருந்த இருவர் உங்கள் கண்ணில் எப்படிப் பட்டார்கள்? என் கணவரின் காதுக்கருவியைப் பார்த்தீர்கள். ஒன்றும் பேசாமல் ஒருவரைக் கைகாட்டி அழைத்தீர்கள். வந்தவர் பழைய ராணுவ வீரர், வியட்நாமில் பீரங்கிப் படையில் இருந்து காதைக் கொடுத்தவர். தம் கழுத்தில் கிடந்த கம்பி வளையத்தைக் கழற்றி என் கணவரின் கழுத்தில் மாட்டினார். மேடை ஒலிவாங்கியின் குரல் வானலையாக அந்த வளையத்துக்கு வரும்; காதுக்கருவிக்குள் அந்த வளையத்திலிருந்து குரலை வாங்கிக்கொள்ளும் 'டெலிகாயில்' என்ற சிறு கம்பிச்சுருளை இயக்கிவிட்டால், மண்டபத்து இரைச்சல் எதுவும் இல்லாமல் அந்தக் குரல் மட்டும் காதுக்குள் கேட்கும். எங்கள் கருவியில் அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்குத் தெரியாது. ஐந்து ஆண்டுகளாக வைத்திருக்கிறோம், ஒருவரும் சொன்னதில்லை.

அழைப்பாளர் மேடைக்குத் திரும்பிப் போய், மெல்லிய குரலில், "வணக்கம் நண்பரே, கேட்கிறதா?" என்றார். என் கணவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பிறகு கையை உயர்த்தினார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

வளையத்தைக் கொடுத்த வீரரே, அதற்குப் பிறகு அந்த இரவு முழுவதும் நீங்கள் ஆடவில்லை. எங்கள் நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். இதை நான் எப்படித் தீர்ப்பேன்?

மேடைக்கு முன்னால் இருந்த சதுரத்தில் எங்களுக்கு இடம் விட்டார்கள். அந்த ஆறு பேருக்கும் நன்றி. புதியவர்களோடு சேர்ந்து ஆடித் தாங்கிப்பிடிக்கும் அனுபவசாலிகளை அங்கே 'ஏஞ்சல்' என்பார்கள். நாங்கள் தவறிய இடங்களில் உங்களில் ஒருவரும் இழுக்கவில்லை, தள்ளவில்லை. போக வேண்டிய திசையில் கையை நீட்டி வைத்திருந்தீர்கள். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டோம். ஒருமுறை சதுரம் முழுவதுமே குலைந்தபோது எல்லோரும் அவரவர் ஜோடியோடு நின்று, அழைப்பாளர் எங்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்வரை சிரித்துக்கொண்டே காத்திருந்தீர்கள்.

ஒரு சுற்றுக்கு இரண்டு ஆட்டங்கள். இரண்டாவதில் அழைப்புகள் பாட்டாக வரும். அதில் ஒவ்வொரு முறையும் ஜோடி மாறும். நான்காவது முறையில் சொந்த ஜோடியிடமே வந்து சேர்வோம். அதனால் சதுரத்தின் எதிர்ப்பக்கத்திலிருந்து அவரைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. வேறு ஓர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, அழைப்பு முடிவதற்குள் கால் எடுத்து வைத்து, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் நடுவில் அவர் சிரித்து நான் பார்த்து எத்தனை ஆண்டுகள் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்ததில் என் அழைப்பைத் தவறவிட்டேன். அப்போதும் யாரோ ஒருவரின் கை நீண்டுவந்தது.

மாற்று இணைப்பானைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு நீங்களே கொண்டுவாருங்கள் என்றார்கள். வீரருக்கு அவருடைய வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். ஊர் வந்து இவருக்கு என்று ஒன்று வாங்கியிருக்கிறோம்.

வெள்ளைப் பிக்கப் ஐயா, அடுத்த ஆண்டும் அதே வழியாகத்தான் வருவோம். டால்ஹார்ட்டுக்கும் டெக்ஸ்லைனுக்கும் இடையில் அந்த இடத்தில் வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் இருப்போம். டயர்கள் புதியவையா என்று பார்த்துத்தான் வண்டி எடுப்பேன். முறுக்கும் கொண்டுவருவேன், அன்று உங்கள் நாய்க்குப் பிடித்திருந்தது.

அன்புடனும் வணக்கத்துடனும்,
ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை
பிளானோ, டெக்சஸ்