டிம்பகனுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கார்த்தி,

சாப்பிட்டாயா? வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் நீ கேட்பதில்லை, நீலக் கோடும் விழுவதில்லை, அதனால் எழுதியே அனுப்புகிறேன். நேரம் கிடைக்கும்போது படி, அவசரம் ஒன்றும் இல்லை. அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். மற்றபடி எல்லாம் வழக்கம்போல்தான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேசியதிலிருந்து எனக்கு பாதாள பைரவி படம் ஞாபகமாகவே இருக்கிறது. உங்கள் சார் மீட்டிங் முடிந்ததும் "சாஹசம் சேயரா டிம்பகா" என்று சொல்லி உன் முதுகில் தட்டினார் என்று அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாயே, அதனால்தான். ஹைதராபாத்தில் எல்லாரும் அதைப் பழமொழி மாதிரி சொல்கிறார்கள், துணிந்து இறங்குடா பையா என்று அர்த்தம் என்று எனக்கே விளக்கம் வேறு. எனக்குத் தெரியாதா கண்ணா? அந்தப் படம் எடுத்த வாகினி ஸ்டுடியோவில் தாத்தா இழைத்த பலகையின் மரச்சுருளை அள்ளி வந்து அடுப்பெரித்த வீட்டில் வளர்ந்தவள் நான். அந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரியும் மாலும் வந்துவிட்டன, ஆனால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் இன்னமும் எனக்கு மரத்தூள் வாசனைதான் வருகிறது. ஒரே படத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் சேர்த்து எடுத்தார்கள், 1951 மார்ச்சில் தெலுங்கு வந்தது, மே மாதம் தமிழ் வந்தது என்று தாத்தா சொல்லிச் சொல்லி உனக்கே மனப்பாடம் ஆகியிருக்குமே. தமிழுக்குத் தஞ்சை ராமையாதாஸ் எழுதினார் என்பதில் அவருக்கு என்ன பெருமை, ஏதோ தானே எழுதிக் கொடுத்த மாதிரி.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்பா எழுந்துவிடக் கூடாதே என்று சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு போனில் மறுபடியும் பார்த்தேன், தெலுங்கிலேயே.

உங்கள் சார் சொன்னது மந்திரவாதியின் வசனம் கார்த்தி. அதை யோசித்தாயா? தைரியம் சொல்கிறவன் யார் என்று பார்க்க வேண்டாமா? அவனுக்கு வேண்டியது ஒரு பலி. சாதாரண ஆள் ஆகாது, வீரனாகவும் இருக்க வேண்டும், புத்திசாலியாகவும் இருக்க வேண்டும். அப்படி ஒருவனை வெட்டிக் கொடுத்தால்தான் கேட்டதெல்லாம் தரும் பொம்மை பைரவியிடமிருந்து கிடைக்கும். அதற்குத்தான் ஆள் தேடி உஜ்ஜயினிக்கு வருகிறான். இங்கே தோட்டக்காரி மகன் ராமுடு அரசகுமாரியை விரும்பிவிட்டு, எனக்குச் சமமாகச் சொத்தோடு வா, அப்புறம் பெண்ணைத் தருகிறேன் என்று ராஜா சொல்லிவிட்டதால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். பணம் வேண்டும் என்று நிற்கிற பிள்ளையிடம் போய் உன்னை மாதிரி துணிச்சல்காரன் உண்டா என்றால் அவன் பின்னாலேயே போக மாட்டானா என்ன.

உன்னைச் சொல்லவில்லை. நீ பணத்துக்குப் பறக்கிறவன் இல்லை என்று எனக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் உனக்கென்று ஒரு சட்டைகூட எடுக்காமல் எனக்கு கிரைண்டர் வாங்கிக் கொடுத்தவன், அதில்தான் இன்றைக்கும் மாவு ஆட்டுகிறேன், அப்பாவின் தம்பி பிள்ளைகளில் ஒருத்தனாவது அப்படிச் செய்திருப்பானா. ஆனால் அதே நீதான் பொங்கலுக்கு வருகிறேன் என்று சொல்லி வரவில்லை, வராததற்குக் காரணமும் சொல்லவில்லை. அப்பா இரண்டு நாள் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பேப்பர் படிக்கிறாராம்.

உங்கள் சாருக்கு உன்னைவிட வயது குறைவு என்று சொன்னாய். மந்திரவாதியாக நடித்த ரங்காராவுக்கு அந்தப் படம் வந்தபோது 32தான். அந்தத் தாடி, அந்தக் குரல், அந்த நடை எல்லாம் 32 வயதில். தாத்தா சொல்வார், ராமுடுவாக வரும் ராமாராவ் வாளைச் சுழற்றும்போதுகூட ஜனங்கள் ரங்காராவின் புருவத்தைத்தான் பார்த்தார்கள் என்று. எனக்கும் அப்படித்தான். கெட்டவனிடம்தான் கண் போகிறது. ராமுடு வீட்டில் விட்டுவிட்டுப் போகிறானே ஒரு அம்மாவை, சுரபி கமலாபாய், முதல் தெலுங்குப் பேசும் படத்திலேயே நடித்தவர், அந்த அம்மாவை நான் நேற்றுதான் சரியாகப் பார்த்தேன்.

ராமுடுவுக்கு அதிர்ஷ்டம். பலிக்கு முன்னால் குளிக்கப் போன இடத்தில் ஒரு முதலை வந்து, சாபம் தீர்ந்து தேவகன்னியாகி, உன்னை வெட்டப் போகிறான் ஜாக்கிரதை என்று சொல்லிவிடுகிறது. அவன் மந்திரவாதியையே பலி கொடுத்துவிட்டுப் பொம்மையோடு வந்து மாளிகை கட்டிவிடுகிறான். சரி, அதோடு முடிந்ததா? சீடன் போய் மந்திரவாதிக்கு உயிர் கொடுத்துவிடுகிறான், ராஜாவின் மச்சானே பொம்மையைத் திருடிக் கொடுக்கிறான், கல்யாண நேரத்தில் மாளிகையும் பெண்ணும் மாயமாகிவிடுகிறார்கள். முதலில் நன்றாகத்தான் நடக்கும் கார்த்தி. முதல் இரண்டு மூன்று மாதம் எல்லாமே நன்றாக நடக்கும். அதை வைத்து எதையும் முடிவு பண்ணாதே. எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. முதலில் நன்றாகத்தான் நடக்கும், அதனால்தான் சொல்கிறேன்.

வித்யா இளைத்திருக்கிறாள். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது. பாப்பா நடுவில் வந்து போனைப் பிடுங்கியதால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயாகவே, சங்கிலியைப் பாலிஷ் போடக் கொடுத்திருக்கிறோம் அம்மா என்றாய். நான் கேட்காத கேள்விக்கு நீ பதில் சொன்னாய். அவள் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விட்டாள்.

நம் வீட்டு எட்டுப் பவுன் ரெட்டை வடம் தொலைந்த கதை உனக்குத் தெரியும். நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். பீரோவில் இருந்தது காணோம், அஞ்சலை எடுத்துவிட்டாள், அவ்வளவுதானே கதை. அது தொலையவில்லை. நான்தான் எடுத்துக்கொண்டு போய் விற்றேன். அப்போது தெருவுக்குத் தெரு பைனான்ஸ் கம்பெனி, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டி என்றார்கள், பெயரெல்லாம் இப்போது எதற்கு. அங்கே உட்கார்ந்திருந்த பையன் என்னைப் பார்த்து, குடும்பத்துப் பெண்கள் இவ்வளவு விவரமாக இருந்து நான் பார்த்ததில்லை மேடம் என்றான். மேடம் என்று என்னை அதற்கு முன்னால் யாரும் கூப்பிட்டதில்லை. மூன்று மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் வட்டி வந்தது, அதில்தான் உனக்கு அந்தச் சிவப்பு சைக்கிள். நான்காவது மாதம் போனேன், ஷட்டர் போட்டிருந்தது, வாசலில் நூறு பேர் நின்றார்கள். எனக்கு முதலையும் வரவில்லை, போட்ட முதலும் வரவில்லை.

உன் சித்தப்பா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது அப்பா, அந்த வடத்தைப் போட்டுக்கொள்ளேன் என்றார். பீரோவில் தேடுகிற மாதிரி தேடினேன். காணோம் என்றேன். அவர்தான் அஞ்சலை பேரைச் சொன்னார், நான் சொல்லவில்லை, அதைச் சொல்லியே இத்தனை வருஷம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவள் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள், கையெல்லாம் சாம்பல், அப்படியே எழுந்து வந்து நின்றாள், அக்கா நீங்களாவது சொல்லுங்க அக்கா என்றாள். நான் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கக்கூட இல்லை. அந்த மாதச் சம்பளத்தை வாங்காமலேயே போய்விட்டாள். உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், அஞ்சம்மா எங்கே அஞ்சம்மா எங்கே என்று நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. நானும் போனவாரம் வரைக்கும் இதை யாரிடமும் சொல்வதாக இல்லை. வித்யா அடுப்பைப் பார்க்க எழுந்து போனாளே, அதைப் பார்த்த பிறகுதான்.

உன் பேரைச் சொல்லி அப்பா தபால் ஆபீசில் போட்டது இந்த மாதம் முடிகிறது. மாடி அட்வான்சைத் திருப்பிக் கொடுத்தது போக என் கணக்கிலும் கொஞ்சம் இருக்கிறது. எலுமிச்சங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், பக்கத்து வீட்டுப் பெண் வெள்ளிக்கிழமை அங்கே வருகிறாள், கொடுத்தனுப்புகிறேன். வித்யாவிடம் நான் எதையும் கேட்க மாட்டேன். நீ ஒன்று மட்டும் செய், பாலிஷ் போடக் கொடுத்தாயே, அந்த ரசீதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அப்பா நம்பருக்கு வேண்டாம், எனக்கு மட்டும். வட்டி கட்ட வேண்டிய தேதி அதில் தெளிவாகத் தெரிகிற மாதிரி எடு.

அம்மா